சாஸ்தாவும் மாதாவும் நிறுத்திய மோட்டார்

என் மாமனார் ஆறுமுகம் பிள்ளை தோளில் போடும் மேல்முண்டை இடுப்பில் கட்டியபடி நடுரோட்டில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் வக்கீல் குமாஸ்தா ஒருவர், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், இன்னும் இரண்டு மூன்று பெரிய மனிதர்கள். ரோட்டின் மறு ஓரத்தில் திரேசம்மாவும் அவளோடு வரும் கடற்கரைப் பெண்களும் கருவாட்டுக் கூடைகளோடு நிற்கிறார்கள். நடுவில் என் மோட்டார். சத்தமும் இல்லை, அசைவும் இல்லை. ரேடியேட்டர் மூடியிலிருந்து மட்டும் லேசாக ஆவி வருகிறது.

"பின்னயும் நின்னுபோச்சா?" என்கிறார் மாமனார்.

"நின்னுபோச்சு மாமா."

"எங்க நின்னிருக்குன்னு பாத்தீரா?"

பார்க்காமல் என்ன? சாஸ்தா கோயிலுக்கு நேர் முன்னால். நேற்றும் அங்கேதான் நின்றது. முந்தாநாளும் அங்கேதான்.

மாமனார் முகத்தில் கோபம் துளியும் இல்லை. 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்த மனிதரின் நிம்மதிதான் இருந்தது.

தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன காரை நான் வாங்கி, வரும் வழியில் இரண்டு வாழைத்தோப்புக்குள் புகுந்து புறப்பட்ட கதையைச் சென்ற வாரம் சொன்னேன். 'அதற்கப்புறம் அந்த வண்டி ஓடியதா?' என்று சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஓடியது. ஓடியதைவிட அதிகமாக நின்றது. நின்ற கதைதான் இது.

கார் வள்ளமான விதம்

எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுதும் முன்பே சர்க்கார் கச்சேரியில் ஒரு நாற்காலியை மனதுக்குள் போட்டு வைத்துவிடுவார்கள். ராஜாவின் சர்க்காரில் குமாஸ்தா. அப்பா குமாஸ்தா, அவர் அப்பா குமாஸ்தா, மாமனார் தாலுகா கச்சேரியில் இருந்து ஓய்வு பெற்ற குமாஸ்தா. நானும் கொஞ்ச காலம் அந்த நாற்காலியில் இருந்து பார்த்தேன். முதுகு வளைந்ததுதான் மிச்சம். ராஜிநாமா கொடுத்துவிட்டு மோட்டார் வாங்கினேன். மாமனார் அதன்பிறகு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அது எனக்கு நல்ல வாரம்.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு ஓட்டுவதாகத் திட்டம். பனச்சமூட்டில் சந்தை கூடும் நாட்களில் குன்னத்துகால் வழியாக அந்தப் பக்கமும் போவேன். இப்போது அந்த வழியில் போகிறவர்கள் இது எந்த மாநிலம் என்று பலகையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அன்று எல்லாம் ஒரே ராஜாவின் மண். சண்டையைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்போம், அவ்வளவுதான் எல்லை.

துரை வைத்திருந்தபோது அது நாலு பேர் உட்காரும் கார். நாலு பேரை ஏற்றினால் பெட்ரோலுக்கே பற்றாது. ஆகவே பின்பாதியை அறுத்து எறிந்து, இரும்புச் சட்டத்தை நீட்டி, அதன்மேல் மரத்தில் கூடு கட்டி பஸ் ஆக்குவது என்று தீர்மானித்தேன். அன்றைக்கு மோட்டார் தொழிலுக்கு வந்தவர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஊர் ஆசாரிகள் ஒருவரும் கை வைக்கவில்லை. "நிக்குத வீட்டுக்கு எங்கிட்ட கணக்கு உண்டு. ஓடுத வீட்டுக்குக் கணக்கு கெடையாது" என்று சொல்லிவிட்டார் ஒருவர். கடைசியில் பொழியூர்க் கடற்கரையிலிருந்து மிக்கேல் ஓடாவி வந்தார். ஓடாவி என்றால் வள்ளம், அதாவது மீன்படகு, கட்டுகிறவர். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார்.

"வெள்ளம் கேறாம நான் பாத்துக்கிடுதேன் மொதலாளி."

"ஓடாவி, இது தண்ணியில போறது இல்ல. ரோட்டுல போறது."

"எடவப்பாதி மழைக்கு ரோட்டுலயும் வெள்ளம் உண்டில்லா?"

வேலையைத் தொடங்கச் சொன்னேன்.

எங்கள் கடற்கரை வள்ளங்களில் ஆணி அடிக்கமாட்டார்கள். பலகைகளில் துளை போட்டுக் கயிற்றால் தைப்பார்கள். உப்புத் தண்ணீரில் ஆணி துருப்பிடிக்கும், கயிறு தாங்கும். மிக்கேல் என் மோட்டாரையும் அப்படியே தைத்தார். முன்பக்கத்தை வள்ளத்தின் மூக்குப்போல் கொஞ்சம் தூக்கிவிட்டார். தரையில் தண்ணீர் வடிய ஒரு துளை போட்டு அதற்கு ஒரு தக்கையும் செருகினார். எல்லாம் முடிந்தபின் மரம் உளுத்துப்போகாமல் இருக்க, கூடு முழுவதும் மீன் எண்ணெய் பூசினார். அப்போது நான் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே என் மோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

உட்காருவதற்கு இரண்டு பக்கமும் நீளவாட்டில் ஒவ்வொரு பலகை. முன்னிருந்து பின்வரை ஒரே அயனிமரப் பலகை. நடுவில் அது ஒரு குறுக்குச் சட்டத்தின்மேல் கிடக்கும், இரண்டு நுனியும் கயிற்று வளையத்தில் தொங்கும்.

"இதுக்காவது ஆணி அடிக்கவேண்டாமா?" என்று கேட்டேன்.

"வள்ளத்துல பலகைய எப்பவும் கழத்தி எடுக்கணுமாக்கும். வலை போட எடம் வேண்டாமா?"

என் மோட்டாரில் யார் வலை போடப்போகிறார்கள் என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கயிறு புதிது, இறுக்கமாக இருந்தது, பலகை அசையவில்லை. அது போதும் என்று தோன்றியது.

போன கரண்டு திரும்பி வரவேண்டும்

வண்டியை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்த முதல் நாளே விளக்கு எரியவில்லை. ஹாரன் வாயைத் திறக்கவில்லை. இன்ஜினும் கிளம்பவில்லை. ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். பலனில்லை.

துரை விட்டுப்போன புத்தகத்தை எடுத்து அகராதியோடு உட்கார்ந்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பேட்டரியிலிருந்து கரண்டு ஒயர் வழியாகப் போகிறது. திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. நான் அந்த இரும்பை அறுத்து எறிந்துவிட்டு மரத்தை வைத்திருக்கிறேன். பேட்டரியையும் இடம் போதாமல் பின்னால் ஒரு மரப்பெட்டிக்குள் தள்ளியிருந்தேன். கரண்டு போகலாம், வரமுடியாது. கச்சேரியில் நாம் கொடுக்கும் மனு மாதிரி.

ஆகவே போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் என்று இரண்டு வாங்கி, பின்னால் பேட்டரியிலிருந்து முன்னால் இன்ஜின்வரை இழுத்தேன். தொங்கக்கூடாது என்று இடப்பக்கத்துப் பலகைக்கு அடியில் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். இரண்டு நுனியிலும் கையால் முறுக்கி இணைத்தேன். விளக்கு எரிந்தது, இன்ஜினும் கிளம்பியது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மழைக்காலத்தில் எங்காவது ஒயர் உரசி ஹாரன் தானாகவே அலறும். ஒரு தடவை அமரவிளைப் பக்கம் ஒரு சாவு ஊர்வலத்துக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தபோது அலறத் தொடங்கி, சுடுகாடுவரை அலறியது. தூக்கிப் போனவர்கள் வேகமாக நடந்தார்கள். இறந்தவரின் மகன் மறுவாரம் வந்து, "அப்பாவுக்கு நல்ல மேளம் வச்சீரு பிள்ளே" என்று சொன்னான். கிண்டலா நன்றியா என்று எனக்கு இன்றும் தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்ஜினுக்குள் பெட்ரோல் பற்றத் தீப்பொறி வேண்டும். அந்தப் பொறிக்கும் பேட்டரியிலிருந்து அதே ஒயரில்தான் கரண்டு போகவேண்டும். டைனமோ துரை காலத்திலேயே செத்துப்போயிருந்தது. பேட்டரியை அவ்வப்போது திருவனந்தபுரத்துக்கு அனுப்பி சார்ஜ் ஏற்றிவருவோம். ஒயர் விட்டுப்போனால் இன்ஜினும் நிற்கும்.

எழுந்து நிற்கும் ஊர்

எங்கள் பக்கத்தில் கோயிலைக் கடந்து போகும்போது உட்கார்ந்தபடி போகமாட்டார்கள். மாட்டுவண்டியில் போனாலும் சரி, மோட்டாரில் போனாலும் சரி, எழுந்து, தோளில் கிடக்கும் மேல்முண்டை எடுத்து இடுப்பில் கட்டி, கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். பாறசாலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஏற்றம். ஏற்றத்தின் நடுவில் ஆலமரம், அதன் அடியில் சாஸ்தா. அங்கே என் பஸ்ஸில் முன்பக்கம் இருக்கும் பிள்ளைமார்களும் நாயர்களும் ஒன்றாக எழுவார்கள்.

இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஒரு குருசடி. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் மாதா. அங்கே பின்பக்கம் இருக்கும் கடற்கரைப் பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து குருசு போடுவார்கள்.

முன்பக்கம், பின்பக்கம் என்று நான் இடம் பிரித்து வைக்கவில்லை. டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாம் எனக்கு ஆட்கள்தான். அவர்களாகவே அப்படிப் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஒரே பலகையின் முன்நுனியில் என் மாமனார், பின்நுனியில் திரேசம்மா. அவள் ஏறியது முதல் இறங்குவதுவரை அவர் முகத்தை இன்ஜின் பக்கமே வைத்திருப்பார். அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏதாவது சொல்லவேண்டுமானால் என்னிடம் சொல்வார், பலகையின் மறுநுனியில் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"மருமவனே, அந்தக் கூடைய மூடிவைக்கச் சொல்லும். நாத்தம் தாங்கல்ல."

"நாத்தம் கூடையில இல்ல மொதலாளி, பலகையிலயாக்கும். மிக்கேலு பூசின எண்ண" என்பாள் அவளும் என்னிடமே.

ஏழெட்டு மாதம் வண்டி நன்றாக ஓடியது. மழை தொடங்கியதும் வியாதி வந்தது. சாஸ்தா கோயிலுக்கு முன்னால் நிற்கும். எல்லோரும் இறங்கித் தள்ளத் தயாராவார்கள். நான் முன்னால் போய் இன்ஜினைக் கிளப்பும் ஹாண்டிலை ஒரு சுற்றுச் சுற்றுவேன். உடனே பிடித்துக்கொள்ளும். ஏறி உட்காருவார்கள், போவோம். குருசடிக்கு முன்னால் மறுபடி நிற்கும். இறங்குவார்கள், ஹாண்டில் போடுவேன், உடனே பிடிக்கும்.

ஊர் இதைக் கவனித்தது. மீன்காரிகள் ஏறினால் நிற்கிறது, மீன்காரிகள் இறங்கினால் எடுக்கிறது. கண்ணால் கண்ட சாட்சி. சாஸ்தாவுக்குத் தீட்டுப் பிடிக்கவில்லை என்று ஒரு பேச்சுக் கிளம்பியது.

"அப்ப குருசடியில ஏன் நிக்குது மாமா?" என்றேன்.

"சாஸ்தாவுக்கு அம்புட்டு தூரம் கண்ணு எட்டாதா?"

பின்பக்கத்திலும் ஒரு கட்சி இருந்தது. முன்னால் இருக்கும் பெரிய மனிதர்கள் மாதாவுக்கு முன்னால் காலை ஆட்டிக்கொண்டு இருப்பதால் மாதா நிறுத்துகிறாள் என்று கூடைகள் பேசிக்கொண்டன. மாமனாரின் பங்காளி ஒருவர் இது 'மீன்வண்டி' என்றும், செத்தாலும் இதில் காலெடுத்து வைக்கமாட்டேன் என்றும் சந்தையில் சத்தியம் செய்தார். மாமனாருக்கும் அவருக்கும் ஒரு பலாமரத்தைப் பற்றி, என் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய கேஸ் ஒன்று நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. வேர் இவர் பக்கம், பழம் அவர் பக்கம்.

சாஸ்தாவுக்குப் பின்புறம் காட்டியது

நான் சும்மா இருக்கவில்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றி வாய்வைத்து ஊதினேன். வாயில்தான் பெட்ரோல் வந்தது, குழாயில் அடைப்பு இல்லை. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி வெயிலில் காயவைத்தேன். பிளக்குகளைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். ஒயரை ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். எல்லோரும் இறங்கியபின் பலகைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்ப்பேன். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஆளில்லாமல் தனியாக ஓட்டிப் பார்த்தேன். சாஸ்தாவைத் தாண்டி, மாதாவைத் தாண்டி, நெய்யாற்றின்கரைவரை சமர்த்தாக ஓடியது.

"பாத்தீரா? அவளுவ இல்லன்னா ஓடுது" என்றார் மாமனார்.

"நீங்களும்தான் இல்ல மாமா."



புத்தகத்தில் இன்னொரு இடத்தில் ஒரு விஷயம் கண்டேன். பெட்ரோல் தொட்டி பின்னால் தாழ்வாக இருந்தால், ஏற்றத்தில் பெட்ரோல் இன்ஜினுக்கு ஏறாது. அப்போது வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றவேண்டும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாஸ்தா கோயில் ஏற்றத்தில்தானே இருக்கிறது! குருசடி சமதரையில் இருப்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன்.

மறுநாள் ஏற்றத்தின் அடியில் வண்டியைத் திருப்பினேன். கழுத்தைப் பின்னால் முறுக்கிக்கொண்டு, பின்பக்கமாக ஏற்றத் தொடங்கினேன்.

"மருமவனே, இதென்ன அக்கிரமம்? சாமிக்கு ஆசனத்தக் காட்டிக்கிட்டா போறது?"

"பெட்ரோல் ஏறணும் மாமா."

"எந்தப் பக்கம் பாத்துக் கும்பிட? எந்தப் பக்கம் முன்னு, எந்தப் பக்கம் பின்னு?"

வாத்தியார் ஒரு பக்கம் கும்பிட்டார், வக்கீல் குமாஸ்தா எதிர்ப்பக்கம் கும்பிட்டார். மாமனார் இரண்டு பக்கமும் கும்பிட்டு, கோயில் வந்ததும் எழுந்தார், அவரோடு இருந்த பெரிய மனிதர்களும் எழுந்தார்கள். வண்டி நின்றது. நின்றது மட்டுமில்லை, ஏற்றத்தில் அப்படியே கீழே உருண்டு, திருப்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. திரேசம்மா சிரித்த சிரிப்பு ஆலமரத்துக் காக்கைகளைக் கிளப்பிவிட்டது.

அன்று சாயங்காலம் மாமனார் வீட்டுக்கு வந்தார். காப்பி வேண்டாம் என்றார். அப்போதே தெரிந்துவிட்டது.

"நாங்க எல்லாருமா பேசியாச்சு. சிங்கம் ஒண்ணு மொதக்கொண்டு அந்தப் பெண்ணுவள நீரு ஏத்தப்பிடாது. ஏத்தினா எங்க ஆளுவ ஒருத்தரும் ஏறமாட்டாவ. ஓடுத வரைக்கும் மீனக் கொண்டு ஓட்டும்."

எங்கள் பக்கத்தில் ஆவணி மாதத்துக்குச் சிங்கம் என்று பெயர். அவர் போனபின் என் மனைவியிடம் புலம்பினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"கேட்டியளா, அப்பா எழும்பினா வண்டி நிக்குது. அப்பா இருந்தா ஓடுது. அப்பாவ எறக்கிவிட்டுப் பாத்தியளா?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக்கூடாது. அவள் சொன்னதில் முக்கால்வாசி சரி.

திரேசம்மாவிடம் விஷயத்தை நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவளே மறுநாள் இறங்கும்போது நின்றாள்.

"சிங்கம் ஒண்ணு மொதக்கொண்டு நடக்கணுமாக்கும், இல்லியா மொதலாளி?"

நான் ஹாண்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பொழியூருல இருந்து பாறசாலைக்கு நடந்துதான் வாறேன். அதுக்கும் மேல நெய்யாற்றின்கரைக்கும் நடந்தா, நான் சேரும்போ சந்தை பிரிஞ்சிருக்கும். பெறவு நாயும் காக்காயுமாக்கும் கருவாடு வாங்கும். செரி, போவட்டு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளுக்கு ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். கூடை தலையில் இருக்கும்போது அது நன்றாகத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. நின்றது என் வண்டி, நடக்கப்போவது அவள்.

கோர்ட்டு நாள்

ஆடி முடியப்போகும் சமயம், மாமனாரின் கேஸ் கூப்பிடும் நாள் வந்தது. வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் கேஸ் கையை விட்டுப்போகும், அத்தனை வருஷமும் பலாமரமும் அதோடு போகும்.

வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. மாமனார் கஞ்சி போட்ட முண்டும் ஜரிகைக் கசவு வைத்த மேல்முண்டுமாக வந்து ஏறினார். பின்னால் திரேசம்மா. படுதாவையெல்லாம் இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். ரோட்டில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. இன்றைக்கு யாரும் இறங்கித் தள்ளமாட்டார்கள் என்பது தெளிவாக இருந்தது.

சாஸ்தா கோயில் ஏற்றம். முன்னால் மாமனார் எழுந்தார். அதே நேரம் பின்னால் திரேசம்மாவின் குரல் கேட்டது.

"எலே மக்கா, எல்லாரும் எழும்புங்க. நம்மளக் கொண்டுதான் சாமி நிறுத்துதுன்னா, எழும்பி நின்னு நேருக்கு நேரே கேட்டுப்போடுவோம்."

கடற்கரைப் பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். திரேசம்மா கோயில் பக்கம் திரும்பி, சந்தையில் விலை பேசுகிற அதே குரலில் கேட்டாள். "எனக்க மேல என்ன கோவம்? சொல்லும். நான் ஒமக்கு என்ன செய்தேன்?"

வண்டி நிற்கவில்லை. ஆலமரம் போயிற்று, கோயில் போயிற்று, ஏற்றம் முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாமனார்தான் முதலில் பேசினார், என்னிடம்தான்.

"மரியாத கொடுத்தா சாமி விடும். அம்புட்டுதான் காரியம்."

"அப்பிடியா?" என்றாள் திரேசம்மா, அவளும் என்னிடமே.

குருசடி வந்தது. பெண்கள் எழுந்தார்கள். டக்கென்று ஒரு சத்தம். வண்டி நின்றது.

நான் மழையில் இறங்கி ஹாண்டில் போட்டேன். பிடிக்கவில்லை. மறுபடியும் போட்டேன். இருமக்கூட இல்லை. எப்போதும் ஒரே சுற்றில் பிடிக்கும் வண்டி அது. ஆனால் எப்போதும் ஆட்கள் இறங்கியிருப்பார்கள். இன்று யாரும் இறங்கவில்லை. தண்ணீர் முதுகில் வழிய, தோள் கழன்றுபோகும் அளவுக்குச் சுற்றினேன்.

படுதாவை விலக்கி மாமனார் தலையை நீட்டினார். "மருமவனே, பேரு கூப்பிடுத நேரம் ஆச்சு. அவளுவள உக்காந்து இருக்கச் சொல்லும்."

"மாதா முன்னால நிக்கும்போ உக்காந்து இருக்கப்பிடாது மொதலாளி" என்றாள் திரேசம்மா. "வண்டி போவட்டு, பெறவு உக்காருவோம்."

"வண்டி எப்பிடிப் போவும்?"

அப்போதுதான் அவள் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"பெரிய பிள்ளே, ஒங்க சாஸ்தாவுக்கு நாங்க எழும்பினோம். வண்டி போச்சு. எனக்க மாதாவுக்கு நீங்க எழும்பப்பிடாதா? பாருங்க, போவுதான்னு."

நான் ஹாண்டிலைப் பிடித்தபடியே நின்றேன். மாமனார் மழையைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். தன் கஞ்சி போட்ட முண்டைப் பார்த்தார். தூரத்தில், மரங்களுக்கு அந்தப் பக்கம் கோர்ட்டு இருக்கும் திசையைப் பார்த்தார். அந்தப் பலாமரத்துக்காக அவர் தம் வாழ்நாளில் எத்தனையோ படி ஏறியிருந்தார். ஆனால் இந்தப் படி அவர் நினைத்தே பார்க்காதது.

அவர் எழுந்தார். எழுந்தவர் சும்மா எழவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். மேல்முண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "அம்மே, தாயே" என்றார். வாத்தியாரும் குமாஸ்தாவும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு எழுந்தார்கள்.

மறுபடியும் அந்த டக்.

நான் ஹாண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்பக்கம் பெண்கள் கூவிய கூவலில் எனக்கு இன்ஜின் சத்தமே கேட்கவில்லை.

ஆனால் அந்த டக் எனக்குக் கேட்டிருந்தது. மாதாவும் அல்ல, சாஸ்தாவும் அல்ல, அது மரம் மரத்தின்மேல் விழுகிற சத்தம்.

பலகைக்கு அடியில்

நெய்யாற்றின்கரையில் மாமனாரை இறக்கிவிட்டு, திரேசம்மாவைப் பலகையின் பின்நுனியில் உட்காரவைத்து, நான் அடியில் படுத்தேன். மழையில் ஊறி ஊறிக் கயிற்று வளையம் நன்றாக நெகிழ்ந்திருந்தது. அவள் உட்கார்ந்தாள். பலகையின் முன்நுனி ஒரு சாண் மேலே போயிற்று. அதில் கட்டியிருந்த ஒயர் இழுபட்டு, நான் கையால் முறுக்கிய முடிச்சு விட்டுப்போனது. அவள் எழுந்தாள். பலகை டக்கென்று இருந்தபடி படுத்தது. ஒயர் நுனி தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

முன்பாதி எழுந்தால் முன்நுனி தூக்கும், முன் முடிச்சு விடும். பின்பாதி எழுந்தால் பின்நுனி தூக்கும், பின் முடிச்சு விடும். எல்லோரும் உட்கார்ந்தாலும் எல்லோரும் எழுந்தாலும் பலகை சமமாக இருக்கும், வண்டி ஓடும். எல்லோரும் இறங்கி நான் குனிந்து பார்க்கும்போது, ஒயர் ஒன்றுமே அறியாததுபோல் கிடக்கும். சேற்றில் படுத்தபடியே சிரித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அது சிரிப்பினால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன்.

மிக்கேல் ஓடாவியைக் கூட்டிவந்து காட்டினேன். அவருக்குத் தப்பு எதுவும் தென்படவில்லை.

"வள்ளத்துல ஆரும் எழும்பி நிக்கமாட்டாவ மொதலாளி. எழும்பினா கவிழும். நான் வள்ளமாக்கும் கெட்டினேன். எழும்பி நிக்குத ஆளுவள ஏத்தினது நீங்க."

ஒயரைப் பலகையிலிருந்து பிரித்துக் கீழே இரும்புச் சட்டத்தோடு கட்டி, முடிச்சுகளை ஈயம் வைத்து ஒட்டினேன். பலகைக்கு இரண்டு பக்கமும் ஆணி அடித்தேன். ஆணி அடிக்கும்போது மிக்கேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமனாரை மறுபடி பார்த்தது இரண்டு நாள் கழித்து, வண்டியில்தான். ஏறியதும் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"திரேசம்மா வரல்லியா?"

அவர் வாயில் அந்தப் பெயரை நான் அன்றுதான் கேட்டேன்.

"வந்துக்கிட்டிருக்கா மாமா."

"அவ வராம வண்டிய எடுக்காண்டாம்."

"மாமா, இனி அதெல்லாம் வேண்டாம். வியாதி கண்டுபிடிச்சாச்சு. ஒயராக்கும். பலகை தூக்கினா ஒயர் விடும்." நான் கீழே குனிந்து ஆணியைக் காட்டினேன், ஈயத்தைக் காட்டினேன். "சிங்கம் ஒண்ணு ஆனாலும் அவ ஏறலாமில்லா?"

அவர் ஆணியையும் பார்க்கவில்லை, ஈயத்தையும் பார்க்கவில்லை.

"கோர்ட்டுல என்ன நடந்ததுன்னு கேட்டீரா?"

"இல்ல மாமா."

"பேரு கூப்பிட்டான். நான் நின்னேன். பங்காளி வரல்ல. மீன்வண்டியில ஏறமாட்டேன்னு மாட்டுவண்டி கெட்டிக்கிட்டு வந்திருக்கான். வண்டி சேத்துல தாந்துபோச்சு. கேஸ் எனக்கு. மரமும் எனக்கு." குரலைத் தாழ்த்தினார். "ஒயரு ஒம்ம வண்டிக்கு. அத நீரு பாத்துக்கிடும். எனக்குள்ளத நான் பாத்துக்கிடுதேன்."

திரேசம்மா வந்து ஏறினாள். வண்டி புறப்பட்டது. சாஸ்தா கோயிலில் எல்லோரும் எழுந்தார்கள், பின்பக்கமும்தான். ஆணி அடித்த பலகை அசையவில்லை. குருசடி வந்தது. மாமனார் மற்றவர்களுக்கு முன்பே மேல்முண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு கையும் மேலே. அந்த நேரம் பார்த்துச் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. பிடிக்க ஒன்றுமில்லாமல் அவர் நடுவழியில் பின்பக்கமாகத் தள்ளாடி, பெண்கள் இருக்கும் இடம்வரை வந்துவிட்டார். திரேசம்மா எட்டி அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வண்டிக்குள் எல்லோரும் திரும்பினார்கள். நானும் ரோட்டைப் பார்க்காமல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுமுகம் பிள்ளையின் கையை ஒரு மீன்காரி பிடித்திருக்கிறாள்.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குருசடி கண்ணிலிருந்து மறையும்வரை அப்படியே நின்றார். அப்புறம், கையை இன்னும் அவள் பிடியிலேயே வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"மருமவனே, மாதா இருக்க எடம் வந்தா கொஞ்சம் பைய ஓட்டப்பிடாதா?"